கல்லடி மாலை வகுப்பு: ‘ஹேவ்’ எங்கே, ‘ஹேட்’ எங்கே

மட்டக்களப்பில் வளர்ந்தவர்களுக்கான ஆங்கில வகுப்புகளுக்குக் குறைவில்லை. நகரத்திலிருந்து களுவாஞ்சிக்குடி வரையிலும், அதற்கப்பால் கல்முனை, அக்கரைப்பற்று வரையிலும் மதில்களில் அவற்றின் விளம்பரங்களைக் காணலாம். பெரும்பாலானவை பேச்சாங்கிலத்தையே முன்னிறுத்துகின்றன. எழுத்தாங்கிலத்தைத் தனியாக எடுத்து நிதானமாகக் கற்பிக்கும் இடங்கள் அரிது. கல்லடியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தமது வீட்டு விறாந்தையில் வார இறுதி மாலைகளில் நடத்தும் வகுப்பு அந்த அரிதானவற்றுள் ஒன்று. அவர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ சேர்ந்து வரும் பிரசன்ட் பேர்பெக்ட், ‘ஹேட்’ சேர்ந்து வரும் பாஸ்ட் பேர்பெக்ட் என்ற இரண்டு ஆங்கில வினைக் காலங்களுள் எதை எங்கே எழுதுவது என்ற ஒரே கேள்விக்கு அங்கே ஒதுக்கப்படும் நேரமும் கவனமும் வேறெந்த வகுப்பிலும் நான் காணாதவை. அந்தப் பகுதிக்காகவே இந்த வகுப்பில் சேரலாம் என்பது என் கருத்து. குறைகளும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இந்த இரண்டு காலங்களுக்காக ஒருவர் வகுப்புக்குப் போக வேண்டுமா என்று கேட்பவர்கள், அரச அலுவலகமொன்றில் ஒரு வாரம் கடிதக் கோவைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. நடைமுறையில் இங்கிருந்து கொழும்புக்குப் போகும் கடிதங்களில் கணிசமானவை இன்றும் ஆங்கிலத்திலேயே போகின்றன. பிறர் வரைந்த கடிதங்களைப் பார்வையிட்டுக் கையொப்பத்துக்கு அனுப்புவது என் பணி. எழுத்துப் பிழைகளைக் கணினியே காட்டிவிடுகிறது. காலப் பிழைகள்தாம் தப்பிவிடுகின்றன. உங்கள் பதில் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று தெரிவிக்க நினைக்கும் ஒருவர் “வீ ஹேட் நொட் ரிசீவ்ட் யுவர் ரிப்ளை” என்று எழுதுகிறார். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆதலால் எந்தக் கணினியும் அதன்கீழ் சிவப்புக் கோடு போடாது. ஆனால் அதை வாசிக்கும் கொழும்பு அலுவலர், குறித்த ஒரு காலத்தில் பதில் வந்திருக்கவில்லை, பின்னர் வந்துவிட்டது போலும் என்று எடுத்துக்கொண்டு, கோவையை மூடி வைத்துவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. “வீ ஹேவ் நொட் ரிசீவ்ட்” என்று எழுதியிருந்தால், இந்த நிமிடம் வரை வரவில்லை, நாங்கள் காத்திருக்கிறோம் என்ற பொருள் ஐயமின்றிப் போய்ச் சேர்ந்திருக்கும். ‘ஹேட்’ போட்டால் கடிதம் கனதியாகவும் மரியாதையாகவும் இருக்கும் என்று நம்புபவர்கள் நம் அலுவலகங்களில் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை முதல் நாளிலேயே களைந்துவிடுவது இந்த வகுப்பின் முதற் சிறப்பு.

ரீச்சர் தொடங்கும் முறையே வேறாக இருக்கிறது. பிற இடங்களில் இந்தப் பாடம் ‘ஹேவ், ஹேஸ் கூட்டல் மூன்றாம் வடிவம், ஹேட் கூட்டல் மூன்றாம் வடிவம்’ என்ற சூத்திரத்தோடு தொடங்கி, ஈட்டன், கோன், ரிட்டன் என்று பட்டியலை மனனம் செய்வதோடு முடிந்துவிடும். வடிவத்தைப் பிழையின்றி ஒப்பிக்கத் தெரிந்தவருக்கும் எந்த வடிவத்தை எப்போது எடுப்பது என்று தெரிவதில்லை. இங்கே வெண்பலகையில் முதலில் எழுதப்படுவது தமிழ். ‘நேற்றுப் பணிப்பாளர் வந்தார்’, ‘நேற்றுப் பணிப்பாளர் வந்திருக்கிறார்’, ‘நேற்றுப் பணிப்பாளர் வந்திருந்தார்’ என்ற மூன்று வாக்கியங்களை எழுதிவிட்டு, இவற்றுள் எது பிழை என்று கேட்கிறார். எதுவும் பிழையில்லை என்று வகுப்பு சொல்கிறது. மூன்றையும் நாம் நாள்தோறும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ என்ற சொல்லோடு தனியாக நிற்கக்கூடியது இவற்றுள் முதலாவது மட்டுமே. இந்த ஓர் உண்மையிலிருந்து மற்ற எல்லாவற்றையும் அவர் வளர்த்தெடுக்கிறார்.

‘வந்திருந்தார்’ என்று தமிழில் சொல்லும்போது, அவர் வந்தார், இங்கே சிறிது நேரம் இருந்தார், இப்போது போய்விட்டார் என்ற பொருள் அந்த வினையிலேயே அடங்கிவிடுகிறது. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் “த டிரெக்டர் ஹேட் கம் யெஸ்டர்டே” என்று எழுதினால், ஆங்கிலம் வாசிப்பவர் வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று காத்திருப்பார். எதற்கு முன்னர் வந்தார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலாகிய இரண்டாவது நிகழ்ச்சி அதே வாக்கியத்தில் இருக்கலாம், முந்தைய வாக்கியத்தில் இருக்கலாம், சொல்லாமலே இருவருக்கும் தெரிந்ததாகவும் இருக்கலாம். எங்கேயும் இல்லையென்றால் ‘ஹேட்’ அங்கே நிற்க முடியாது. விண்ணப்பங்களில் நான் மிகுதியாகக் காணும் “ஐ ஹேட் சப்மிட்டட் மை அப்ளிகேஷன் ஒன் 5 மே” என்ற வாக்கியத்தின் சிக்கலும் இதுவே. சமர்ப்பித்தது மே 5 இல் முடிந்துபோன ஒரு செயல். அதற்கு “சப்மிட்டட்” போதும்.

‘வந்திருக்கிறார்’ தரும் இடர் வேறு வகையானது. தமிழில் ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பது இயல்பான பேச்சு. செய்தித்தாள்களில் ‘நேற்று இடம்பெற்றுள்ளது’, ‘கடந்த வாரம் கையளிக்கப்பட்டுள்ளது’ என்ற வடிவங்களை வாசித்து வாசித்து நமக்கு அவை பழகிவிட்டன. ஆங்கிலத்தின் பிரசன்ட் பேர்பெக்ட், முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லை உடன் ஏற்காது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ டேய்ஸ் அகோ போன்றவற்றுள் எது வந்தாலும் ‘ஹேவ்’ விலகிவிட வேண்டும். டுடே, திஸ் வீக், சோ ஃபார், யெட் போன்ற, இன்னும் முடியாத காலத்தைக் குறிக்கும் சொற்களோடு அது இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். “ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே” என்று எழுதிய இளைஞர் ஒருவரிடம், “கோப்பு இப்ப எங்க இரிக்கு மனே? அதச் சொல்லப் போறியா, எப்ப அனுப்பினன் எண்டு சொல்லப் போறியா?” என்று ரீச்சர் கேட்டார். எப்போது அனுப்பினேன் என்பதே முக்கியம் என்று அவர் பதில் சொன்னவுடன், ‘ஹேவ்’ என்ற சொல்லைத் தாமே வெட்டிவிட்டார். விதியைச் சொல்லித் திருத்துவதற்கும், எதைச் சொல்ல வருகிறாய் என்று கேட்டுத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சில வினாடிகளில் கண்டேன்.

இந்த வகுப்பின் மிகச் சிறந்த பாடம் கல்லடிப் பாலத்தை வைத்து நடத்தப்படுவது. அதை விரிவாகவே சொல்ல வேண்டும். பாடநூல்களில் வரும் இலண்டன் தெருக்களையும் முகம் தெரியாத ஜோன், மேரி ஆகியோரையும் விட, நாள்தோறும் கடந்துபோகும் ஒரு பாலம் எவ்வளவு தெளிவைத் தரும் என்பதை அதில்தான் உணர்ந்தேன்.

பலகையில் ஒரு நீண்ட கோடு இழுக்கப்படுகிறது. இடது பக்கத்தில் 1924 என்று எழுதப்படுகிறது. லேடி மானிங் பாலம் என்று பெயர் பெற்ற பழைய பாலம் திறக்கப்பட்ட ஆண்டு அது. வலது பக்கத்தில் 2013, புதிய பாலம் திறக்கப்பட்ட ஆண்டு. அதற்கும் வலப்புறத்தில் ‘இன்று’ என்று எழுதி ஒரு வட்டம் போடப்படுகிறது. முதலில் வட்டத்தில் நின்றுகொண்டு பழைய பாலத்தைப் பார்க்கச் சொல்கிறார். பாலம் இன்னும் இருக்கிறது. புதிய பாலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆகவே “த ஓல்ட் பிரிட்ஜ் ஹேஸ் ஸ்டுட் ஹியர் சின்ஸ் 1924” என்ற வாக்கியம் பிறக்கிறது. 1924 இல் தொடங்கிய நிலை இன்று வரை நீள்வதால் அங்கே ‘ஹேஸ்’. ஆண்டைக் குறிக்கும் சொல் வந்தால் ‘ஹேஸ்’ வராது என்று சற்று முன்னர் சொன்னீர்களே என்று ஒருவர் கேட்பார். ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள் என்பதை எதிர்பார்த்தே ரீச்சர் அந்த வாக்கியத்தை முதலில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். “இன் 1924” என்பது அந்த ஆண்டுக்குள் அடைபட்டுவிடும். “சின்ஸ் 1924” என்பது அங்கே புறப்பட்டு இன்று வரை வந்து சேரும். பாலம் திறக்கப்பட்டதைச் சொல்ல “வோஸ் ஓப்பன்ட் இன் 1924”; பாலம் நிற்பதைச் சொல்ல “ஹேஸ் ஸ்டுட் சின்ஸ் 1924”.

அடுத்து, ‘இன்று’ என்ற வட்டத்தைத் துடைத்துவிட்டு 2013 ஐச் சுற்றி வட்டம் போடுகிறார். நீங்கள் இப்போது 2013 இல், புதிய பாலத்தின் திறப்பு விழாவில் நிற்கிறீர்கள். அங்கிருந்து திரும்பிப் பழைய பாலத்தைப் பாருங்கள் என்கிறார். அதுவரை ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் வாகனங்களைச் சுமந்த பாலம் அது. “பை த டைம் த நியூ பிரிட்ஜ் வோஸ் ஓப்பன்ட், த ஓல்ட் பிரிட்ஜ் ஹேட் கேரீட் ட்ராஃபிக் ஃபோர் நியர்லி நைன்ட்டி இயர்ஸ்.” இங்கே ‘ஹேஸ்’ வைக்க வழியில்லை; பார்ப்பவர் இன்றில் நிற்காமல் 2013 இல் நிற்கிறார். இரண்டு வாக்கியங்களும் அதே பாலத்தைப் பற்றியவை, அதே 1924 இலிருந்து கணக்கிடப்படுபவை. நாம் நின்று பார்க்கும் இடம் மாறியதால் மட்டுமே வினை மாறியது. பிரசன்ட் பேர்பெக்டா பாஸ்ட் பேர்பெக்டா என்று தடுமாறும்போது, செயல் எவ்வளவு பழையது என்று கேட்காமல், எந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறேன் என்று கேட்க வேண்டும் என்பது இந்தப் பாடத்தின் சாரம்.

வகுப்பில் பலர் இறுகப் பிடித்துக்கொண்டு வரும் தவறான எண்ணம் ஒன்று இதோடு அகன்றுவிடுகிறது. நெடுங்காலத்துக்கு முன் நடந்ததற்குப் பாஸ்ட் பேர்பெக்ட், அண்மையில் நடந்ததற்குப் பிரசன்ட் பேர்பெக்ட் என்று பள்ளிக்காலத்தில் பதிந்துபோன எண்ணம் அது. மெதடிஸ்த திருச்சபையின் வில்லியம் ஓல்ட் அடிகளார் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார் என்பதற்கு “கேம் இன் 1814” என்பதே சரி; இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதற்காக ‘ஹேட்’ வந்து ஒட்டிக்கொள்ளாது. மறுபுறம், இன்று காலை எட்டரை மணிக்கு அலுவலகத்தை அடைந்தேன், அதற்குள் அதிகாரி வெளிக்கள வேலைக்குப் போய்விட்டிருந்தார் என்று சொல்ல வேண்டுமானால் “ஹேட் லெஃப்ட்” தேவை. சில மணி நேரத்துக்கு முந்தைய நிகழ்ச்சிதான். ஆனாலும் எட்டரை மணியில் நின்று, அதற்கு முன் நடந்ததைப் பார்க்கிறோம்.

பாஸ்ட் பேர்பெக்ட் பகுதிக்குப் பயன்படுத்தப்படும் பயிற்சிகளுள் எனக்கு மிகவும் பயன்பட்டவை நட்டஈட்டு விண்ணப்பங்களை ஒட்டி அமைந்தவை. 2011 சனவரி வெள்ளம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பெரும்போக வெள்ளாமையை எவ்வளவு அழித்தது என்பதை வகுப்பில் இருந்த அனைவரும் அறிவர். விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே பாதிப்பேர். வெள்ளம் பாய்ந்த வயலைப் பற்றி அலுவலர் ஒருவர் பின்னர் அறிக்கை எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டு, மூன்று வாக்கியங்கள் கொடுக்கப்பட்டன. “த ஃபார்மர் டிட் நொட் ஹார்வெஸ்ட்” என்று எழுதினால் அவர் அறுவடை செய்யவில்லை என்பது மட்டும் தெரிகிறது. ஏன், எப்போது என்பது தெரியவில்லை. அவருடைய அசட்டையாகவும் அது தோன்றலாம். “த ஃபார்மர் ஹேஸ் நொட் ஹார்வெஸ்டட்” என்று எழுதினால் அறிக்கை எழுதும் நாள் வரை அறுவடை செய்யவில்லை, இனியும் செய்யக்கூடும் என்று பொருள் விரிகிறது. வயலில் இன்னும் பயிர் நிற்கிறது என்று வாசிப்பவர் எண்ணிவிட்டால் நட்டஈட்டுக்கே இடமில்லாமல் போய்விடும். “வென் த ஃப்ளட் கேம், த ஃபார்மர் ஹேட் நொட் ஹார்வெஸ்டட்” என்பதே உண்மையைச் சொல்கிறது: வெள்ளம் வந்த அந்த வேளையில் பயிர் வயலில் நின்றது, ஆகவே வெள்ளத்தோடு போனது. ஒரு குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் ‘ஹேஸ்’, ‘ஹேட்’ என்ற இரண்டு சிறு சொற்களுக்கிடையே சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதை அந்தப் பயிற்சி உணர்த்திய அளவுக்கு எந்த இலக்கண நூலும் எனக்கு உணர்த்தியதில்லை. கற்பிக்கும் பொருளின்மீது அக்கறை உள்ள ஒருவரால் மட்டுமே இப்படியொரு பயிற்சியை ஆக்க முடியும்.

பாஸ்ட் பேர்பெக்டை எங்கே தவிர்க்கலாம் என்பதையும் அவர் கற்பிக்கிறார். இது பல வகுப்புகளில் விடுபட்டுப்போகும் பகுதி. நிகழ்ச்சிகளை நடந்த ஒழுங்கிலேயே சொல்லிக்கொண்டு போனால் எல்லாவற்றுக்கும் சாதாரண இறந்தகாலமே போதும்: காலையில் எழுந்தார், கோவிலுக்குப் போனார், கடைக்குப் போனார், வீடு திரும்பினார். ஒழுங்கைக் குலைத்துப் பின்னோக்கி ஓரடி வைக்கும்போதுதான் ‘ஹேட்’ தேவைப்படுகிறது. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்ற சொற்கள் ஒழுங்கைத் தாமே காட்டிவிடுவதால், அவற்றோடு பல வேளைகளில் ‘ஹேட்’ இல்லாமலும் எழுதலாம். ‘வென்’ அப்படியன்று. “வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் லெஃப்ட்” என்றால் நான் போய்ச் சேரவும் உதயதேவி புகையிரதம் புறப்படவும் சரியாக இருந்தது. அது நகர்வதைக் கண்ணால் கண்டேன். “ஹேட் லெஃப்ட்” என்றால் மேடை வெறுமையாகக் கிடந்தது. இவ்விரண்டுக்கும் பலகையில் படம் வரைந்து காட்டியதால், வகுப்பில் இருந்த மூத்தவர்களுக்கும் உடனே பிடிபட்டது. ஒரு பந்தியில் ‘ஹேட்’ ஒரு முறை வந்து காலத்தை நிலைநிறுத்திய பின்னர், வரிக்கு வரி அதையே எழுத வேண்டியதில்லை என்பதும் அங்கே சொல்லப்பட்டது. நீண்ட அறிக்கைகளில் ‘ஹேட்’ மழையாகக் கொட்டுவதைத் திருத்தித் திருத்திக் களைத்த எனக்கு அது பெரிய உதவி.

பிரசன்ட் பேர்பெக்டில் இரண்டு நுணுக்கங்களை மட்டும் குறிப்பிடுகிறேன். ‘கொழும்புக்குப் போயிருக்கிறார்’ என்ற தமிழ் வாக்கியம், அவர் இப்போது கொழும்பில் இருக்கிறார் என்றும் பொருள்படும், வாழ்நாளில் எப்போதோ போய்வந்தவர் என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் முதலாவது “ஹேஸ் கோன்”, இரண்டாவது “ஹேஸ் பீன்”. நேர்முகப் பரீட்சையில், வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போன அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு “ஐ ஹேவ் கோன்” என்று பதில் சொல்பவர், இங்கே முன்னால் அமர்ந்துகொண்டே அங்கே இருப்பதாகச் சொல்கிறார். மற்றது மறைந்தவர்களைப் பற்றியது. காரைதீவில் 1892 இல் பிறந்து 1947 இல் மறைந்த சுவாமி விபுலாநந்தரைப் பற்றித் தமிழில் ‘இசை ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளார்’, ‘பல கட்டுரைகள் எழுதியுள்ளார்’ என்று நினைவுமலர்களில் தடையின்றி எழுதுகிறோம். ஆங்கிலத்தில் “ஹேஸ் ரிட்டன்” என்று அவரைப் பற்றி எழுதினால், அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர் என்ற எண்ணத்தை அது ஏற்படுத்தும். “ரோட்” என்பதே பொருத்தம். அவருடைய எழுத்துகள் இன்றைய ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியுள்ளன என்று சொல்லும்போது எழுத்துகள் எழுவாயாகிவிடுவதால், அங்கே “ஹேவ் கைடட்” தடையின்றி வரும். அவர் நிறுவிய சிவானந்தா வித்தியாலயம் இருக்கும் ஊரிலேயே இந்த எடுத்துக்காட்டைக் கேட்டபோது வகுப்பு மிகவும் கூர்ந்து கவனித்தது.

பிறர் கூற்றை மாற்றி எழுதும்போது ‘ஹேவ்’ ‘ஹேட்’ ஆவதும், ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்று நடக்காததைக் கற்பனை செய்வதும் சுருக்கமாகவே கற்பிக்கப்பட்டன. சாதாரண தரப் பரீட்சைக்கும் அரச உத்தியோகத்தர்களுக்கான வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சைக்கும் ஆயத்தமாகிறவர்கள் இவற்றுக்கு வேறு பயிற்சிகளையும் தேடிக்கொள்வது நல்லது. அமெரிக்க வழக்கில் ஜஸ்ட், ஓல்ரெடி, யெட் ஆகியவற்றோடு சாதாரண இறந்தகாலமும் வரும் என்பதை ரீச்சர் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனார். இலங்கையில் பிரித்தானிய வழக்கே கற்பிக்கப்படுவதால், பரீட்சைத் தாளில் “ஐ ஹேவ் ஜஸ்ட் ஃபினிஷ்ட்” என்று எழுதிப் பழகுவதே பாதுகாப்பு. ஆங்கிலப் படங்களைப் பார்த்து மொழியை வளர்த்துக்கொண்ட இளையவர்களுக்கு இது குழப்பத்தைத் தருகிறது. இன்னும் சற்று நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும் அச்சிட்ட குறிப்புத்தாள். வாயால் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கப்படும் பாடத்துக்குக் கொடுக்கப்படும் போட்டோப்பிரதி, பழைய பயிற்சிநூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது போலும். அதில் பாஸ்ட் பேர்பெக்டுக்கு நேரே ‘வெகுகாலத்துக்கு முன் முடிந்த செயல்’ என்ற விளக்கமே இன்னும் இருக்கிறது. வகுப்பில் களையப்படும் அதே தவறான எண்ணம் வீட்டுக்குக் கொண்டுபோகும் தாளில் உயிரோடு இருக்கிறது. ஒரு நாள் வகுப்பைத் தவறவிட்டவர் தாளை மட்டும் படித்தால் பிழையாகவே கற்றுக்கொள்வார். இதை ரீச்சரிடம் சொன்னேன். புதிய தாள் எழுத வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அதுவரை, தாளிலுள்ள அந்த வரியை வெட்டிவிட்டு, பாலத்தின் கோட்டைக் கொப்பியில் வரைந்துவைத்துக்கொள்ளும்படி புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது குறை, காதுக்குப் பயிற்சி இல்லை. பேச்சில் ‘ஹேவ்’ சுருங்கி ‘ஐவ்’ என்றும், ‘ஹேட்’ சுருங்கி ‘ஐட்’ என்றும் வரும். ‘ஹீஸ்’ என்பது ‘ஹி இஸ்’ ஆகவும் இருக்கலாம், ‘ஹி ஹேஸ்’ ஆகவும் இருக்கலாம். ‘ஹீட்’ என்பது ‘ஹேட்’ ஆகவும் ‘வுட்’ ஆகவும் இருக்கலாம். அடுத்து வரும் வினையைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும். எழுத்தில் இந்தக் காலங்களைத் தெளிவாக அறிந்த ஒருவரும் தொலைபேசியில் கேட்கும்போது தடுமாறுவதற்கு இது காரணம். எழுத்து வகுப்பு என்பதால் விட்டுவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனாலும் அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர்களும் அங்கே வருகிறார்களே.

இடவசதி போதாது. விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள் நெருக்கமாக இருக்கின்றன; பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் பலகையின் கீழ்ப்பாதி தெரியாது. மாரி காலத்தில் மழை சாரலடித்தால் வகுப்பை வீட்டு மண்டபத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கிறது. அதில் கணிசமான நேரம் போய்விடுகிறது. உயர்தர மாணவர்களும் உத்தியோகத்தர்களும் ஒரே வகுப்பில் இருப்பதால், பரீட்சை வினாக்களைக் கேட்கும் பிள்ளைகளுக்கும் கடிதம் எழுத வந்தவர்களுக்கும் இடையே நேரம் பங்குபோகிறது. இருவருக்கும் தனித்தனி வகுப்பு வைக்கக்கூடிய அளவுக்கு இப்போது ஆட்கள் சேர்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

கட்டணம் நகரத்தின் பெரிய நிலையங்களை விடக் குறைவு. மாத இறுதியில் கொடுத்தால் போதும். திருத்தும் முறை அந்தக் கட்டணத்துக்கு மிகையானது என்றே சொல்வேன். எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தையும் ரீச்சர் வீட்டில் வைத்துத் திருத்தி, அடுத்த வாரம் திருப்பித் தருகிறார். பிழையான வினையைச் சிவப்பு மையால் மாற்றி எழுதிவிடுவதில்லை. அதன் மேல் ஒரு சிறு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘எங்கே நிற்கிறீர்கள்?’ என்று எழுதுகிறார். நாமே கண்டுபிடித்துத் திருத்தி மீண்டும் காட்ட வேண்டும். என்னோடு வந்த முகாமைத்துவ உதவியாளர் ஒருவருக்கு, ஆரம்பத்தில் ஒரு பக்கத்தில் அத்தகைய வட்டங்கள் நிறைந்திருந்தன. அவர் இப்போது வரையும் கடிதங்களில் இந்த இரண்டு காலங்களுக்காக நான் பேனையை எடுப்பது அரிதாகிவிட்டது. ஒரு வகுப்பின் தரத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆங்கிலத்தை இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு இந்த வகுப்பு பொருந்தாது. சாதாரண இறந்தகாலத்தையும் வினையின் மூன்றாம் வடிவங்களையும் ஓரளவு அறிந்தவர்களே பாலத்தின் பாடத்தைத் தொடர முடியும். அறியாதவர்கள் முதலில் அவற்றை வேறிடத்தில் கற்றுக்கொண்டு வரட்டும். கடிதம், அறிக்கை, விண்ணப்பம் எழுதும் உத்தியோகத்தர்களும், பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிமூலம் படிக்கப்போகும் பிள்ளைகளும், வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குத் தம்மைப் பற்றி எழுத வேண்டியவர்களும் தயங்காமல் சேரலாம். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் புதியவர்களை எடுக்கிறார்கள். முதல் நாளுக்குப் போகும்போது, நீங்கள் ஏற்கெனவே எழுதி அனுப்பிய ஆங்கிலக் கடிதமொன்றின் பிரதியைப் பெயர்களை மறைத்துக் கொண்டுபோங்கள். பாடம் அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்கும். முன்வரிசையில் இடம் கிடைக்க வேண்டுமானால் கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது.